மொட்டை போடாத மதலேனாள்

பிராங்பர்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது என் பெட்டியில் தூத்துக்குடி மக்ரூன் இரண்டு டப்பாவும் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டிலும் இருந்தன. நெஞ்சுக்குள் அம்மாவின் நேர்ச்சை ஒன்று இருந்தது. மக்ரூனையும் ஊறுகாயையும் யாரும் தடுக்கவில்லை. நேர்ச்சையை எப்படி வெளியே எடுப்பது என்றுதான் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

விஷயம் இதுதான். என் தங்கை அமலி கணவன் ரூபனோடு பான் நகரத்தில் இருக்கிறாள். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் எட்டாம் மாதத்தில் அவளுடைய குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ரூபன் போனில் "குழந்தை தவறிடுச்சு" என்று சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் ஊருக்கு வரவே இல்லை. போனில் கூப்பிட்டால் நல்லா இருக்கேன், வேலை அதிகம் என்பாள். சனிக்கிழமை கூப்பிட்டால் ஜெர்மன் வகுப்பு என்பாள்.

அம்மா வேறு வழி தெரியாமல் போன திருவிழாவில் வேளாங்கண்ணி மாதாவிடம் போய் நேர்ந்துகொண்டாள். அமலி வீடு வந்து சேர்ந்தால் அமலியின் முடியைக் காணிக்கையாகத் தருவதாக. தன் முடியை அல்ல. எங்கள் பக்கத்தில் நேர்ந்துகொள்பவர் ஒருவர், மொட்டை போடுபவர் வேறொருவர். தலைக்குச் சொந்தக்காரரிடம் முன்கூட்டிக் கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பள்ளிக்கூடத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனவள் நான். அதனால் தூது போகிற தகுதி எனக்குத்தான் இருப்பதாக அம்மா முடிவு செய்துவிட்டாள். மே மாத விடுமுறையில் நான் கிளம்பினேன். செப்டம்பர் திருவிழாவுக்கு அவள் வந்தாக வேண்டும் என்பது உத்தரவு.

அமலியின் முடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இடுப்பைத் தாண்டி இறங்கும். கல்யாணத்தன்று பூ வைக்க இரண்டு பேர் போராடினோம். இப்போது கதவைத் திறந்தவள் அதை இறுக்கிச் சுருட்டி ஒரு கம்பளித் தொப்பிக்குள் அடைத்திருந்தாள். மே மாதத்தில் கம்பளித் தொப்பி.

"என்னட்டி இது?"

"குளிருதுக்கா."

எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. 

முதல் இரவுச் சாப்பாட்டுக்கு ரூபன் ஒரு கட்டு வெள்ளைத் தண்டு வாங்கி வந்திருந்தான். அஸ்பாரகஸ் என்றான். மண்ணுக்குள்ளேயே வெயில் படாமல் வளர்ப்பார்களாம். "சீசன் ஃபுட் அக்கா. இந்த டைம்ல ஜெர்மன்ஸ் எல்லாருமே கிரேஸி ஆயிடுவாங்க" என்றான். அவித்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றி, அவித்த உருளைக்கிழங்கோடு வைத்தான். உப்பையும் உறைப்பையும் பக்கத்து அறையில் உட்கார வைத்துவிட்டுச் சமைத்தது போலிருந்தது. நான் எழுந்து போய் ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்தேன். ரூபன்தான் முதலில் கையை நீட்டினான். அமலி தட்டில் இருந்ததை நான்காக வெட்டி, எட்டாக வெட்டி, அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனதும் நான் ரைன் நதிக்கரையில் நடந்தேன். நதி என்றால் தண்ணீர் ஓட வேண்டும் என்கிற விதியை இங்கே உண்மையாகவே கடைப்பிடிக்கிறார்கள். தாமிரபரணி கடலுக்கு வந்து சேரும்போது இருக்கிற நிலையை நினைத்துப் பொறாமையாக இருந்தது. கரையில் பெஞ்சுக்கு பெஞ்சு கைக்குழந்தைகளும் தாய்மார்களும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தள்ளுவண்டி. தினமும் இதே வழியாகத்தான் அமலி வேலைக்குப் போகிறாள் என்று உறைத்தபோது எனக்கு நடக்கப் பிடிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி ரசம் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே கேட்டாள். "சனிக்கிழமை நான் ஒரு இடத்துக்குப் போவேன். நீயும் வாரியா?"

"ஜெர்மன் வகுப்புக்கா?"

அவள் திரும்பிப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

பானிலிருந்து கொலோனுக்கு ரயிலில் அரை மணி நேரம் என்று ஊர் நம்புகிறது. நாங்கள் ஏறிய ரயில் பாதிவழியில் ஒரு சின்ன நிலையத்தில் நின்றது. ஒலிபெருக்கியில் யாரோ வருத்தமே இல்லாத குரலில் வருந்தினார்கள். எல்லோரும் இறங்க வேண்டுமாம். நம் ஊராக இருந்தால் இதற்குள் ஒரு கட்சி உருவாகியிருக்கும். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடைமேடையில் எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மாள் மட்டும் தன் தோழியிடம் ஏதோ சொன்னாள். அமலி களுக்கென்று சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"என்ன சொல்லுது அந்தக் கிழவி?"

"நான் செத்தா என்னை ரயில்லயே ஏத்தி விடுங்க, கடைசித் தீர்ப்புக்கு லேட்டா போய்ச் சேரலாம்னு சொல்லுது."

கொலோனில் அவள் என்னை அழைத்துப்போனது ஓர் ஓவியக்கூடத்துக்கு. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் பேராலயத்தை விட்டுவிட்டு இங்கே எதற்கு என்று நினைத்தேன். பைகளைப் பூட்டி வைத்துவிட்டு வருகிறேன், நீ மேலே போய் இடதுபக்கம் மூன்றாவது அறையில் இரு என்று அனுப்பினாள்.

அந்த அறையில் நுழைந்தால் சுவர் முழுக்க அழுகிறார்கள். பிளாண்டர்ஸ், அதாவது இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதி, அங்கே வரைந்த பிளெமிஷ் ஓவியங்கள். எல்லாம் மனந்திரும்பிய புனிதர்கள். முதலில் எங்கள் இராயப்பர், ஆண்டவரின் மீனவச் சீடர். கடற்கரைக்காரர்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. ஊர்க் கோயிலில் கையில் சாவியோடு, நீலமும் மஞ்சளுமாகப் புதுப் பெயின்டில், வயிறு நிறையச் சாப்பிட்டவர் போல நிற்பார். இங்கே சாவி ஓரமாகக் கிடக்கிறது. கிழவர் இரண்டு கைகளையும் கோத்துப் பிசைந்துகொண்டு மேலே பார்க்கிறார். கண்ணோரம் சிவந்து புண்ணாகிவிட்டது. பின்னால் இருட்டில், தேடினால்தான் தெரிகிற அளவுக்கு, ஒரு சேவல்; ஆண்டவரைத் தெரியாது என்று அவர் மறுத்ததும் கூவியது. பக்கத்தில் எலும்பும் தோலுமாகப் புனித எரோணிமுஸ். கர்தினாலின் சிவப்புத் தொப்பியைத் தரையில் எறிந்துவிட்டு ஒரு கல்லால் நெஞ்சில் இடித்துக்கொள்கிறார். அவர் முள்ளெடுத்துவிட்ட நாளிலிருந்து கூடவே இருக்கும் சிங்கம் அதைப் பார்க்கச் சகிக்காமல் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். இவர்கள் ஏன் இப்படிக் கூட்டமாக அழுகிறார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். திருச்சபைச் சீர்திருத்தக்காரர்கள் குருவிடம் போய் பாவசங்கீர்த்தனம் செய்யத் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இல்லை, அழுது அறிக்கையிடத்தான் வேண்டும், பார், இவ்வளவு பெரிய புனிதர்களே அழுதார்கள் என்று கத்தோலிக்கக் கோயில்கள் ஓவியர்களைக் கொண்டு பதில் சொல்லின. ஆனால் தெரிவது வேறு, பார்ப்பது வேறு. எங்கள் ஊரில் மன்னிப்புக் கிடைத்து, கண்ணைத் துடைத்து, தலையில் ஒளிவட்டம் வந்த பிறகுதான் ஒருவரைச் சுரூபமாகச் செய்து பீடத்தில் ஏற்றுகிறோம். இந்த ஓவியர்களோ மன்னிப்பு வருவதற்கு முந்தின நிமிடத்தில் அவர்களைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். நானூறு வருடமாக அவர்கள் அந்த நிமிடத்திலேயே நிற்கிறார்கள்.

மூன்றாவது படம் மரிய மதலேனாள், பாவத்தை விட்டுக் குகையில் தவமிருந்தாள் என்று சொல்லப்படுபவள். யாரோ ஆன்ட்வெர்ப் நகரத்துப் பட்டறைக்காரர் வரைந்தது, பெயர் தெரியவில்லை என்று பலகை சொன்னது. குகை வாசல். மடியில் மண்டையோடு. காலடியில் அறுத்தெறிந்த முத்துமாலை. மேலே பார்க்கிற முகத்தில் ஒரு கண்ணீர்த்துளி கன்னத்தின் பாதியில் நிற்கிறது. அவ்வளவையும் மீறிக் கண்ணில் படுவது அவள் முடி. தோளில் விழுந்து, மார்பை மூடி, முழங்கால் வரை செம்பழுப்பாக வழிகிறது. அதில் ஒவ்வொரு இழையையும் அந்த மனிதர் தனித்தனியாக வரைந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. தவம் பண்ண வந்தவள் இத்தனை முடியையும் வைத்துக்கொண்டா உட்காருவாள்? வேளாங்கண்ணியில் என்றால் முதல் வேலையாகத் தலையை வழித்துச் சந்தனம் பூசியிருப்பார்கள். மணலில் முழங்காலால் நடக்கவிட்டிருப்பார்கள். ஆனால் கோபம் வந்ததே தவிர, கை அதன் பழக்கத்தில் போனது. புனிதரைக் கண்டால் காலைத் தொட்டு முத்தமிடுவது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அவள் பாதம் சட்டத்துக்கு அருகில்தான் இருந்தது. நீட்டினேன். கீங் கீங் என்று எங்கிருந்தோ எச்சரிக்கை மணி அலறியது.

"ஐயோ மாதாவே!" என்று கத்திவிட்டேன்.

"அக்கா, கை வைக்காதேங்கோ. பின்னுக்கு வாங்கோ."

வாசல் பக்கமிருந்து நீலக் கோட்டுப் போட்ட காவலர் ஒருவர் வந்தார். அறுபதை நெருங்கிய மனிதர், நரைத்த மீசை. அவர் ஏதோ பொத்தானை அழுத்த, சத்தம் நின்றது. அறையிலிருந்த வெள்ளைக்காரர்கள் என்னைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

"நீங்க தமிழா அண்ணே?"

"ஓம். யாழ்ப்பாணம். கன காலமா இஞ்சதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் சைவம் அக்கா. எண்டாலும் தொட்டுக் கும்பிட எனக்கும் கை வரும். என்ன செய்யிறது, ஏலாது."

அப்போது அமலி உள்ளே வந்தாள். காவலர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜாடையைப் பொருத்திக்கொண்டார். "உங்கட தங்கச்சியோ?" என்று கேட்டுவிட்டு அவளிடம், "வாங்கோ. இண்டைக்குக் கொஞ்சம் பிந்திட்டியள்" என்றார்.

அமலி திகைத்து நின்றாள். "நீங்க தமிழா?"

"ஓம் தங்கச்சி."

"இத்தனை நாளா ஒண்ணுமே பேசலையே?"

"நீங்கள் தமிழ் எண்டு முதல் நாளே தெரியும். ஆரோடும் கதைக்க வரேல்லை எண்டும் தெரிஞ்சுது. அதான் சும்மா இருந்திட்டன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை எண்டா வருவா அக்கா. அந்த வாங்கிலதான் இருப்பா. படத்தைப் பற்றி எனக்கு ஒண்டும் விளங்காது. ஆக்களைப் பார்க்கிறதுதானே என்ர வேலை." இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். வேண்டுமென்றேதான் போனார் என்று நினைக்கிறேன்.

மதலேனாளுக்கு எதிரில் கிடந்த அந்த பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்தோம். ஜெர்மன் வகுப்பு எங்கே நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீ என்ன பாவம் பண்ணுன? எதுக்கு வாராவாரம் இவங்க கூட வந்து உக்காருத?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணலக்கா. டாக்டரும் அதைத்தான் சொன்னாங்க, உங்க மேல எந்தத் தப்பும் இல்லன்னு." அவள் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆனா பாரு, தப்பு பண்ணுனவங்க அழுறதுக்கு ஒரு ரூம் முழுக்கப் படம் இருக்கு. தப்பே பண்ணாம அழுறவங்களுக்கு எங்க இருக்கு? அதான் இங்க வந்து உக்காருதேன். இங்க யாரும் அழாதன்னு சொல்ல மாட்டாங்க."

 அழுகை முட்டினால் எனக்கு எப்போதும் தப்பான நேரத்தில் தப்பான வார்த்தைதான் வரும். வந்தது. அம்மாவின் நேர்ச்சையை அந்த இடத்தில் போட்டு உடைத்தேன்.

அமலி முதலில் சிரித்தாள். "என் முடிய அம்மா நேர்ந்தாளா?" சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "முடி மட்டும் அவளுக்கு ஞாபகம் இருக்கு. அடுத்தது வரும், அடுத்தது வரும்னு சொல்லுதாளே, போனது யாருன்னு ஒரு நாள் கேட்டாளா? அவ பேரு என்னன்னு கேட்டாளா? நீங்க யாராவது கேட்டீங்களா? அங்க வந்தா எல்லாரும் வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டு, அடுத்தது வரும்னு சொல்லிட்டுப் போவாங்க. அவ இல்லவே இல்லன்னு ஆயிரும்க்கா. இங்க இருந்தாலாவது அவ இருக்கா."

"பேரு என்னட்டி?" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்குக் காட்டுதேன்."

 பிறகு தொப்பியைக் கழற்றினாள். கொண்டையைப் பிடித்து ஆட்டி, "இதுதான வேணும்? இன்னைக்கே வெட்டித் தாரேன். பையில வச்சுக் கொண்டு போய் மாதாகிட்டப் போட்டுரு. நேர்ச்சை முடிஞ்சிரும், நான் வர வேண்டாம்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. கையில் கத்தரிக்கோல் இருந்தால் அங்கேயே வெட்டியிருப்பாள்.

"கொண்டு போக மாட்டேன்."

"ஏன்?"

"வரம் கிடைச்ச பிறகுதான் காணிக்கை. முன்னாடியே குடுத்துட்டா அம்மா எதை வச்சுட்டுக் காத்திருப்பா? வரணும்னா முடியோட வா. வர முடியாதுன்னா முடியோட இங்கயே இரு. பாதிய மட்டும் என் பையில அனுப்பாத."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். தொப்பியை மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. அது மட்டும்தான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த லாபம். ஒரு வயதான தம்பதி எங்களைத் தாண்டிப் போய் மதலேனாள் முன்னால் நின்றார்கள். அந்த அம்மாள் கணவரிடம் சொன்னதை அமலி எனக்கு மெல்ல மொழிபெயர்த்தாள்: "பாவம், இந்த முடியைச் சிக்கெடுக்கவே அவளுக்குப் பாதிநாள் போயிருக்கும். நல்லதுதான், கைக்கு ஒரு வேலை."

ரயிலுக்குக் காத்திருந்தபோது நிலையத்துக்கு வெளியே ஒரு வண்டியில் உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரித்த அடை விற்றார்கள். அதன் மேல் இனிப்பான ஆப்பிள் மசியலை ஊற்றித் தருகிறார்கள். இந்த அநியாயத்தை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே மூன்று தின்றேன். அமலி ஒன்று முழுதாகச் சாப்பிட்டாள்.

ஞாயிறு காலை ரூபன் எங்களைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுக் காரிலேயே இருந்தான். "நான் நேத்தே வந்துட்டுப் போயிட்டேன் அக்கா" என்றான். அவனும் தனியாக வருகிறான் என்பது அமலிக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. காரின் திறந்த ஜன்னல் வழியாக அவன் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தாள்.

எங்கள் ஊரில் கல்லறைக்கு நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பிறகு ஒரு வருடம் கள்ளிக்கும் ஆட்டுக்கும் விட்டுவிடுவோம். இங்கே ஒவ்வொரு கல்லறையும் சின்னத் தோட்டம். குழாயடியில் பூவாளிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனிதர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து செத்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கடைசி மூலையில் மிகச் சின்னக் கல்லறைகள் இருந்தன. அங்கே காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன, வர்ணம் தீட்டிய கூழாங்கற்கள் கிடந்தன. அமலி ஒரு சாம்பல் நிறக் கல் முன்னால் நின்றாள். அதில் தமிழில் எழுதியிருந்தது. தமிழ் தெரியாத யாரோ பார்த்துப் பார்த்து வெட்டியிருக்க வேண்டும், எழுத்துகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருந்தன.

இனியா.

நான் வாய்விட்டுப் படித்தேன். என் குரலில் அந்தப் பெயரைக் கேட்டதும் அமலி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். ஈரம் சேலையில் ஏறியது. கல்லின் ஓரத்தில் முளைத்திருந்த களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டாள். இங்கே காலை என்றால் அங்கே மத்தியானம்; ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கூப்பிடுவது அவள் வழக்கம். எனக்கு எதிர்முனை சத்தமாகக் கேட்க வேண்டும், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன்.

"அமலிகிட்ட சொல்லிட்டியா? என்ன சொல்லுதா?"

எப்படியும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "அம்மா, நாங்க கல்லறையில இருக்கோம். அவ பிள்ளைகிட்ட" என்றேன்.

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா போனை வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அமலி போனைப் பார்க்காமல் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அமலி."

"ம்."

"பிள்ளைக்கு என்ன பேரு மக்கா வச்ச?"

அமலி வாயைப் பொத்திக்கொண்டாள்.  அம்மா அவசரப்படுத்தவில்லை.

"இனியா."

"இனியா." அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அது புனிதர் பேரு இல்லையே."

எனக்குத் திக்கென்றது. ஆனால் அமலி அழுகையோடு சிரித்துவிட்டாள். "மரிய இனியாம்மா."

"ஆ, மரிய இனியா. நல்லா இருக்கு." அம்மாவின் குரல் உடைந்தது. "அன்னைக்கே கேக்கணும்னு கிடந்தேன் மக்கா. கேட்டா நீ அழுவியேன்னு விட்டேன். விட்டது தப்பாப் போச்சு." மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு, பிள்ளை பிறந்த வீட்டில் யாரும் கேட்கிறதைப் போலவே கேட்டாள்:

"முடி இருந்துச்சா அவளுக்கு?"

"இருந்துச்சும்மா. நிறைய. கருகருன்னு. ஆஸ்பத்திரில போட்டோ எடுத்துக் குடுத்தாங்க. கொண்டு வாரேன்மா, வந்து காட்டுதேன். இவ்வளவு இருந்துச்சு, பாரு."

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அளவு காட்டி, கையை அப்படியே போனுக்கு நேராகப் பிடித்திருந்தாள். குரல் மட்டும் போகிற அழைப்பு அது. அம்மாவுக்குப் பதிலாக நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.